முனை கனத்த பேட்

எங்கள் அண்ணிக்குப் பொய் சொல்ல வராது. வராது என்றால், முயன்று பார்த்துத் தோற்றவள் என்று அர்த்தம். என் அண்ணனைக் கல்யாணம் செய்துகொண்டு வந்த புதிதில், நான் ஆசை ஆசையாக வாங்கிய பச்சைச் சுடிதாரைப் போட்டுக்கொண்டு போய் நின்று, "எப்படி இருக்கு அண்ணி?" என்று கேட்டேன். பாவம், நல்லதாக ஏதாவது சொல்லத்தான் பார்த்தாள். முகம் கோணியது, வாய் திறந்து மூடியது, கடைசியில் "துணி நல்லா இருக்கு" என்றாள். அந்தச் சுடிதாரை நான் மறுபடி போடவே இல்லை. ரொம்ப நாளைக்கு அவளிடம் முகம் கொடுத்துப் பேசவும் இல்லை. அப்படிப்பட்டவள் தன் ஆயுளில் ஒரே ஒரு பொய்யைத் திருத்தமாகச் சொன்னாள். சொல்லும்போது நான் கூப்பிடு தூரத்தில்தான் உட்கார்ந்திருந்தேன்.

நாங்கள் இருவரும் ஒரு விளையாட்டுச் சாமான் கடையில் வேலை பார்க்கிறோம். நான் முன்னால் கல்லாவில். அண்ணி பின்பக்கம், பேட் பிரிவில். பெண்கள் ஆடும் சாஃப்ட்பாலுக்கு பேட் எடுத்துக் கொடுப்பதுதான் அவள் வேலை. எடுத்துக் கொடுப்பது என்றால் அலமாரியிலிருந்து உருவி நீட்டுவது இல்லை. வந்தவள் எப்படிச் சுற்றுகிறாள் என்று பார்த்து, அவளுக்கு ஏற்ற நீளம், ஏற்ற கனம், அந்தக் கனம் எங்கே இருக்க வேண்டும் என்பது வரைக்கும் பார்த்துப் பார்த்துக் கொடுப்பது. அதனால் ஆட்டக்காரிகள் அவளுக்கு வைத்த பெயர் 'தராசு அக்கா'. ஊரில் பாதி அணிகள் அவளைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடும்.

எனக்கு அந்த விளையாட்டே பிடிக்காது. பெயரில் இருக்கும் மென்மை பந்தில் கிடையாது. பெரிய ஆரஞ்சுப் பழம் அளவுக்கு இருக்கும், கட்டாந்தரையில் போட்டால் 'டொக்' என்று கேட்கும். பந்து வீசுகிறவளை பிட்சர் என்பார்கள். அவள் கையை ஒரு முழுச் சுற்று சுற்றி, இடுப்புக்குப் பக்கத்திலிருந்து பந்தை விடுவாள். அவளுக்கும் அடிக்கிறவளுக்கும் நடுவில் நாற்பது அடிக்குக் கொஞ்சம் மேல். எங்கள் வீட்டு வாசலிலிருந்து பின்கதவு வரைக்கும் அவ்வளவு இருக்கும். விட்ட வேகத்தில் பிட்சர் இன்னும் ஒரு எட்டு முன்னால் வந்து நிற்பாள். அந்த நேரத்தில் அவள் கை கீழே இருக்கும், முகம் மட்டும்தான் மேலே இருக்கும். இதை முதன்முதலில் பார்த்தபோதே இந்த விளையாட்டு வேண்டாம் என்று சொன்னேன். ஆனால் என் பேச்சை அந்த வீட்டில் யார் கேட்டார்கள்?

கடையின் பின்பக்கம் நீளமாக ஒரு வலைக்கூண்டு உண்டு. அதன் ஒரு கோடியில் பந்து வீசும் மெஷின். பிட்சர் எவ்வளவு தூரத்தில் நிற்பாளோ அவ்வளவு தூரத்தில் அது நிற்கும். அதன் முகப்பில் கையகலத்தில் ஒரு இரும்புத் தகடு. அதற்குப் பின்னால் கெட்டித் துணி ஒன்று திரை போல் தொங்கும். அண்ணி முதல் வேலையாக ஒரு பேட்டைக் கொடுத்து, ஒரு கையால் பிடியின் நுனியைப் பிடித்துப் பக்கவாட்டில் நேராக நீட்டிக்கொண்டு நிற்கச் சொல்வாள். தோள் சீக்கிரம் நடுங்கினால் அந்தக் கனம் ஆகாது. பிறகு மெஷினை ஓட விடுவாள். வலக்கைக்காரி அடிப்பதெல்லாம் வலப்பக்க வலையில் போய் விழுந்தால், பேட் தாமதமாக வருகிறது. கனம் அதிகம், இல்லை நீளம் அதிகம், இல்லை கனமெல்லாம் முனையில் போய் உட்கார்ந்திருக்கிறது. இடப்பக்கம் போனால் பேட் முந்திக்கொள்கிறது. வந்த பந்து வந்த வழியே திரும்பிப் போய், துணியின் நடுவில் 'பொத்' என்று அடித்தால், அதுதான் அவளுக்கான பேட். அண்ணி உடனே மெஷினை நிறுத்திவிட்டு, "இதுதாம்மா உன்னோடது" என்பாள்.

ஒரே எடையுள்ள இரண்டு பேட்டுகளைத் தந்து கண்ணை மூடிக்கொண்டு சுற்றச் சொல்வாள் என்னிடம். ஒன்று காற்றாகச் சுற்றும், இன்னொன்று சுத்தியலாக இழுக்கும். கனம் சீராகப் பரவியிருப்பது முதல் வகை. முனையில் குவிந்திருப்பது இரண்டாவது வகை. "முனை கனத்தது பட்டா பலமா படும். ஆனா நேரத்துக்கு வந்து பட வெக்கிற தோள் எல்லாருக்கும் கிடையாது" என்பாள். நான் கொட்டாவி விடுவேன்.

அந்தத் துணியைத் தைப்பது என் தலையில் விழுந்த வேலை. ஓரமெல்லாம் புதுசு போலவே இருக்கும். நடுவில், நெஞ்சிலிருந்து நெற்றி வரைக்கும் வரும் உயரத்தில் மட்டும் ஒட்டுக்கு மேல் ஒட்டு. ஒருநாள் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல், ஊசியில் நூல் கோத்துக்கொண்டே சொன்னேன்.

"அண்ணி, நீங்க நல்லா வேலை பார்க்கப் பார்க்க இந்த இடம்தான் கிழியுது. இங்க மெஷின் நிக்குது, சரி. ஆட்டத்துல இந்த இடத்துல யாரு நிப்பாங்க?"

அண்ணி கையிலிருந்த பேட்டைத் துடைத்தபடி இருந்தாள். அப்போது பாப்பா பந்து வீச ஆரம்பித்து ஒரு வருஷம் ஆகியிருந்தது.

பாப்பா என்பது என் அண்ணன் மகள். என்னைவிட அரைச் சாண் உயரமாக வளர்ந்த பிறகும் எங்களுக்குப் பாப்பாதான். அத்தை என்ற முறையில் அவளை நான்தான் கெடுத்துக் குட்டிச்சுவராக்கினேன் என்று அண்ணன் சொல்வான். அவனைக் கேட்டால் மழை பெய்வதற்குக்கூட நான்தான் காரணம். பாப்பாவின் கை சுற்றினால் கண்ணுக்குத் தெரியாது. அவளிடம் இருந்தது வேகம் ஒன்றுதான். நேராக, கண்மண் தெரியாத வேகம். அதை வைத்தே அணியைக் கரையேற்றிக்கொண்டிருந்தாள்.

அண்ணியும் பள்ளிக்கூடத்தில் ஆடியவள்தான். அங்கே எல்லாருக்கும் சேர்த்து ஒரே பேட். உலக்கை மாதிரி இருந்ததாம். அண்ணிக்கு மணிக்கட்டு மெலிசு. ஒவ்வொரு பந்துக்கும் தாமதமாகவே சுற்றுவாள். 'கும்பகர்ணி' என்று பெயர் வைத்துச் சிரித்து, ஒரு வருஷத்துக்குள் அணியிலிருந்து கழற்றி விட்டார்கள். தனக்கு ஆட வராது என்று நினைத்துக்கொண்டே இருபது வயதைத் தாண்டிவிட்டாள். இந்தக் கடைக்கு வேலைக்கு வந்த பிறகு, ஒருநாள் கடை சாத்தும் நேரத்தில் விளையாட்டாக ஒரு லேசான பேட்டை எடுத்துச் சுற்றிப் பார்த்தாளாம். பந்து துணியின் நடுவில் போய் அடித்தது. அங்கேயே உட்கார்ந்து அழுததாக என்னிடம் சொல்லியிருக்கிறாள். அதற்குப் பிறகு எந்தப் பெண்ணுக்கும் பொருந்தாத பேட்டைக் கொடுக்கக் கூடாது என்பது அவளுக்கு வைராக்கியம். விலை உயர்ந்ததைக் கேட்டு அடம்பிடிக்கிறவளைக்கூட, "அது உனக்கு ஆகாது, போ" என்று திருப்பி அனுப்பிவிடுவாள். முதலாளி தலையில் அடித்துக்கொள்வார்.

இந்த நேர்மையின் வினை மைதானத்தில் தெரிந்தது. எந்த அணியோடு பாப்பா ஆடினாலும், எதிரே பேட் பிடித்து நிற்கிறவர்களில் பாதிப் பேர் அண்ணி கையால் வாங்கியவர்கள். மற்ற அம்மாக்கள் தங்கள் மகள்களைப் பார்ப்பார்கள். அண்ணி, அடிக்க வருகிறவள் கையிலிருப்பதைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பாள். சில சமயம் என் முழங்கையை இறுக்கிப் பிடிப்பாள். "இவளுக்கு நான் ரொம்ப சரியா எடுத்துக் குடுத்துட்டேன்" என்று முணுமுணுப்பாள். பெருமையாகச் சொல்ல வேண்டிய வாக்கியம். அவள் சொல்லும்போது நான் அவசரமாகப் பாப்பாவைத் திரும்பிப் பார்ப்பேன்.

போன வருஷக் கடைசியில் ஒருத்தி அடித்த பந்து பாப்பாவின் காதை ஒட்டிப் போனது. தொப்பி பறந்து விழுந்தது. பாப்பா குனிந்து எடுத்து, தட்டிப் போட்டுக்கொண்டு சிரித்தாள். பக்கத்தில் அண்ணியைத் திரும்பிப் பார்த்தேன். முகத்தில் ஈயாடவில்லை. அடித்தவள் கையில் இருந்தது அண்ணி எடுத்துக் கொடுத்த பேட்.

அன்று வீட்டுக்கு வரும் வழியில் முகக்கவசம் வாங்கினாள். கம்பி போட்ட கவசம், பிட்சர்கள் விருப்பப்பட்டால் போட்டுக்கொள்ளலாம். போட்டே ஆகவேண்டும் என்று பாப்பா ஆடும் போட்டிகளில் விதி இல்லை. பாப்பா ஒருநாள் போட்டுப் பார்த்துவிட்டுக் கழற்றி வைத்துவிட்டாள்.

"கம்பிக்குள்ளேருந்து பாக்குற மாதிரி இருக்கும்மா. பந்தை விடுற இடம் தப்புது."

"பழகினா சரியாயிடும்டி."

"பழகுற வரைக்கும் யாரு ஆடுவா? நீ ஆடுறியா?"

அண்ணி அதைத் தினமும் பாப்பாவின் பைக்குள் வைப்பாள். சாயங்காலம் அது சமையலறை மேடையில் கிடக்கும். நானாக இருந்தால் ஆணி அடித்து மாட்டியிருப்பேன். அண்ணிக்கு அப்படி வராது. கோச்சிடம் போய்க் கேட்டாள். "அது அவ இஷ்டம்" என்று முடித்துக்கொண்டார். அண்ணனிடம் சொன்னாள். அவன், "நான் சொன்னா மட்டும் கேட்டுடுவாளா?" என்று செய்தித்தாளைத் திருப்பினான். மகளின் ஆட்டத்தைப் பார்க்கும் தைரியமே இல்லாத மனிதன் அவன். மைதானத்துக்கு வருவான், வாசலில் சாலையைப் பார்த்து நின்றுகொண்டு, கைதட்டல் கேட்டால் மட்டும் திரும்பிப் பார்ப்பான்.

இந்த வருஷப் போட்டியின் இறுதி ஆட்டத்துக்கு முந்தின வாரம் ஏணி கடைக்கு வந்தாள்.

ஏணி என்பது அவளுடைய அணியில் வைத்த பெயர். நல்ல உயரம். ரொட்டிக் கடையில் மாவு மூட்டை தூக்குகிற பெண், முன்னங்கையைப் பார்த்தாலே தெரியும். கதவில் நுழையும்போது குனிந்துகொண்டாள், அவ்வளவு உயரம் இல்லையென்றாலும் அது அவளுக்குப் பழக்கமாகிவிட்டது. இறுதி ஆட்டத்தில் பாப்பாவின் அணியோடு மோதப்போவது அவள் அணி. கையில் அவளுடைய அக்கா ஆடிப் போட்ட பழைய பேட்.

"அக்கா, உங்க பாப்பா பந்து என்னைத் தாண்டிப் போனதுக்கப்புறம்தான் நான் சுத்தவே ஆரம்பிக்கிறேன்" என்று சிரித்தாள். "இந்த வருஷம் பூரா அவகிட்ட ஒண்ணுகூட உருப்படியா அடிச்சதில்ல. எங்க கோச் உங்களைப் பாக்கச் சொன்னாங்க."

அண்ணியும் சிரித்தாள். மெஷினின் பக்கத்தில் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகு ஒன்று உண்டு. அதைப் பாப்பாவின் வேகத்துக்குத் திருப்பினாள். அந்த வேகம் அவள் விரலுக்கே தெரியும்.

பழைய பேட்டோடு ஏணி அடித்ததெல்லாம் வலப்பக்க வலையில் போய்ச் சொத்சொத்தென்று விழுந்தது. அண்ணி தலையை ஆட்டிக்கொண்டே அலமாரிக்குப் போனாள். இரண்டு விரற்கடை குட்டையாக, லேசாக, கனம் சீராகப் பரவிய ஒன்றை எடுத்து வந்தாள். "தோளை இறுக்காத. கையை மட்டும் அது போக்குல விடு."

முதல் பந்து வலப்பக்கம்தான் போனது, ஆனால் முன்னைவிட நேராக. அடுத்தது இன்னும் நேராக. அதற்கடுத்தது துணியின் நடுவில் அடித்தது. நான் கல்லாவிலிருந்து நிமிர்ந்து பார்த்தேன். ஏணி வாயைப் பிளந்துகொண்டு பேட்டைப் பார்த்தாள். வருஷம் முழுக்கத் தன் மேல்தான் கோளாறு என்று நினைத்திருந்த பெண்ணின் முகம் அது. அடுத்த பந்து வந்தது. அவள் சுற்றியது தெரிந்தது, பந்து தெரியவில்லை. கடையே அதிரும்படி ஒரு சத்தம். மெஷினின் முகப்புத் தகடு ஒருபக்கம் கழன்று தொங்கியது. நடுவில் குழிந்திருந்தது.

"ஐயையோ, உடைச்சிட்டேனாக்கா?" என்றாள் ஏணி. பயமும் சந்தோஷமுமாக இருந்தாள்.

அண்ணி மெஷினை நிறுத்திவிட்டுப் போய்த் தகட்டைத் தூக்கிப் பிடித்தாள். அது அவள் தாடைக்கு நேராக இருந்தது. தகட்டைப் பிடித்தபடியே திரும்பி ஏணியைப் பார்த்தாள். பாப்பா நின்று பார்க்கப்போகும் இடமும் அதுதான். அண்ணி பேயறைந்தவள் மாதிரி நின்றாள். எனக்குக் கல்லாவை விட்டு எழுந்து போகத் தோன்றியது, போகவில்லை.

திரும்பி வரும்போது அண்ணியின் முகம் சரியாகிவிட்டது. அதைப் பார்த்துத்தான் எனக்கு முதலில் பயம் வந்தது. ஏணியின் கையிலிருந்து அந்தப் பேட்டை வாங்கிக்கொண்டாள்.

"இது உனக்கு வேணாம்மா."

"ஏன்க்கா? இவ்ளோ நல்லா பட்டுதே!"

"மெஷின் ஒரே மாதிரி போடும். மனுஷி போடமாட்டா. ஆட்டத்துல இவ்ளோ லேசா இருந்தா நீ முந்திக்குவ. உன் உயரத்துக்கும் உன் தோளுக்கும் வேற இருக்கு, இரு."

முகம் கோணவில்லை. வாய் தடுமாறவில்லை. அலமாரியின் கோடியிலிருந்து நீளமான ஒன்றை எடுத்து வந்தாள், முனை கனத்தது. சாதாரணமாக அண்ணி யாருக்கும் எடுத்துக் கொடுக்காத பேட். அதை ஏணியின் கையில் கொடுத்துவிட்டு, மெஷினை ஓட விடப் போனவளின் கை அந்தத் திருகைத் தொட்டது. வேகம் குறைந்தது. ஏணி பிடியைச் சரிபார்த்துக்கொண்டிருந்தாள், கவனிக்கவில்லை. நான் கவனித்தேன்.

மெதுவாக வந்த பந்துகளை ஏணி அந்தப் பேட்டால் துணியின் நடுவில் போட்டு மொத்தினாள். முன்பு 'பொத்' என்று கேட்ட இடத்தில் இப்போது இடி மாதிரி கேட்டது. துணி பின்சுவர் வரை போய்த் திரும்பி வந்தது.

"பாத்தியா?" என்றாள் அண்ணி.

"அக்கா, நீங்க தெய்வம்க்கா" என்றாள் ஏணி.

அவள் போன பிறகு நான் பின்பக்கம் போனேன். அண்ணி திருகைப் பழைய இடத்துக்குத் திருப்பிக்கொண்டிருந்தாள்.

"அண்ணி, அந்தப் பொண்ணு நிஜமான வேகத்துல இதை வெச்சு..."

"வலப்பக்கம்தான் போகும். எல்லைக்கு வெளியே போகும். யாருக்கும் ஒண்ணும் ஆகாது." குரல் சாதாரணமாக இருந்தது. "ஒரே ஒரு ஆட்டம். அது முடிஞ்சதும் நானே கூப்பிட்டு மாத்திக் குடுத்துடுவேன். சரியானதை உள்ள எடுத்து வெச்சிருக்கேன். நீ போய்க் கடையைப் பாரு."

என்ன சொல்வது? எனக்கும் அந்தக் குழிந்த தகடு கண்ணிலேயே நின்றது. எனக்கும் பாப்பாதான் முக்கியம். ஆனால் பள்ளிக்கூடத்தில் உலக்கையைக் கொடுத்து அண்ணியை என்ன செய்தார்களோ, அதையே இவள் இன்னொரு பெண்ணுக்குச் செய்கிறாள் என்பதும் தெரிந்தது. அதை அவளும் அறிவாள். அன்று சாயங்காலம் பேருந்தில் என் பக்கத்தில் உட்காராமல் இரண்டு வரிசை தள்ளிப் போய் உட்கார்ந்துகொண்டாள்.

இறுதி ஆட்டத்தன்று மேகம் மூடி, மைதானம் முழுக்க மங்கலாக இருந்தது. மழை வந்து ஆட்டம் நின்றுவிடக் கூடாதா என்று நான் அண்ணாந்து அண்ணாந்து பார்த்தேன். அண்ணி மட்டும் அமைதியாக உட்கார்ந்திருந்தாள். வழக்கமாக என் முழங்கையைப் பிடிக்கிறவள், அன்றைக்கு மடியில் கையைக் கோத்துக்கொண்டு, பல மாதங்களுக்குப் பிறகு தன் மகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். "எவ்ளோ அழகா சுத்துறா பாரு" என்றாள். இத்தனை நாளும் அதைப் பார்த்ததே இல்லை போலிருக்கிறது.

ஆட்டத்துக்கு முன்னால் ஏணியும் பாப்பாவும் மைதான ஓரத்தில் நின்று ஏதோ பேசிச் சிரித்தார்கள். ஏணி புதுப் பேட்டைத் தூக்கிக் காட்டினாள். பாப்பா அதை வாங்கிப் பார்க்கவில்லை, எட்டி நின்றே தலையை ஆட்டினாள். பிறகு எங்கள் பக்கம் திரும்பி, அம்மாவுக்குக் கையை ஆட்டினாள். அண்ணியும் ஆட்டினாள்.

ஏணியின் முறை வந்தது. பேட்டைத் தோளுக்கு மேல் தூக்கி நின்றாள். முனையின் கனத்தில் அது லேசாக ஆடுவது எனக்கே தெரிந்தது. பாப்பா முதல் பந்தை வழக்கமான வேகத்தில் விட்டாள். ஏணி சுற்றவில்லை, பார்த்துவிட்டுப் போகவிட்டாள். பாப்பா பந்தை வாங்கி, கையுறைக்குள் விரலை வைத்து ஏதோ மாற்றிப் பிடித்தாள். எங்கள் பக்கம் ஒரு தரம் பார்த்தாள். உதட்டோரம் சிரிப்பு இருந்தது. எதையோ ஒளித்து வைத்துக்கொண்டு காட்டப்போகிற சின்னப் பிள்ளையின் சிரிப்பு.

கை சுற்றியது. அதே சுற்று, அதே வேகம். ஆனால் கையிலிருந்து வந்த பந்து மட்டும் மிதந்து வந்தது. மெதுவாக.

"ஐயோ!" என்று அண்ணி எழுந்துவிட்டாள். பந்து பாதி தூரம்கூட வரவில்லை, அதற்குள் எழுந்துவிட்டாள். மைதானத்திலேயே என்ன நடக்கப்போகிறது என்று தெரிந்த ஒரே ஆள் அவள்தான். வேகப் பந்துக்குத் தாமதமாக வருகிற பேட், மெதுவான பந்துக்குச் சரியான நேரத்தில் வந்து சேரும். கடையில் வைத்து அவளே அதை நடத்திப் பார்த்திருக்கிறாள். பாப்பாவிடம் மெதுவான பந்தே கிடையாது என்பதை நம்பித்தான் அந்தப் பேட்டைக் கொடுத்தாள். ஒரு மாதமாகக் கோச்சிடம் ரகசியமாகக் கற்றுக்கொண்டு, அம்மாவை அசத்த வேண்டும் என்று இறுதி ஆட்டத்துக்காகவே பாப்பா அதை வைத்திருந்தது எங்கள் யாருக்கும் தெரியாது.

சத்தம் கேட்டது. எல்லாரும் மேலே பார்த்தோம், பந்து எங்கே பறக்கிறது என்று. வானத்தில் ஒன்றும் இல்லை. கீழே பார்த்தபோது பாப்பா முழங்காலிட்டு, இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டிருந்தாள். பந்து அவள் காலடியில் சும்மா கிடந்தது. முதலில் போய்ச் சேர்ந்தது ஏணி. பேட்டை எறிந்துவிட்டு நேராகப் பாப்பா பந்து வீசும் வட்டத்துக்கு ஓடி, பாப்பாவைத் தன் மடியில் சாய்த்துக்கொண்டாள். வாசலில் நின்ற அண்ணன் சத்தத்தைக் கேட்டுக் கைதட்டிக்கொண்டே திரும்பினான்.

இடது கண்ணைச் சுற்றியிருந்த எலும்பு நொறுங்கியிருந்தது. ஆபரேஷன் முடிந்து டாக்டர் அண்ணனையும் அண்ணியையும் தனியாகக் கூப்பிட்டு, உயிருக்கு ஒன்றும் பயமில்லை, ஆனால் அந்தக் கண்ணில் பார்வை திரும்பும் என்று எதிர்பார்க்க வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அண்ணன் சுவரில் சாய்ந்து அழுதான். அண்ணி அழவில்லை. டாக்டர் ஏதோ தப்பு செய்துவிட்ட மாதிரி அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

ஏணி வராண்டாவிலேயே கிடந்தாள். வீட்டுக்குப் போகச் சொன்னால் போகவில்லை. வாங்கிக் கொடுத்த டீ ஆறிப்போய் பக்கத்தில் இருந்தது. போகிற வருகிற நர்ஸிடமெல்லாம், "நான்தான் அடிச்சேன், நான்தான் அடிச்சேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் தடவிக் கொடுத்தேன். வேறு என்ன சொல்ல முடியும் என்னால்? சொல்ல வேண்டியது என்னுடையது இல்லை.

மறுநாள் பாப்பாவுக்குத் தெளிவாகப் பேச வந்தது. அறையில் நானும் அண்ணியும் இருந்தோம். பாதி முகம் கட்டுக்குள் இருந்தது. அண்ணி ஸ்பூனால் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, ஏணி மேல கோவப்படாத."

"இல்லடி."

"அவ மேல தப்பே இல்ல. நான்தான் அப்படிப் போட்டிருக்கக் கூடாது." மூச்சு வாங்கிக்கொண்டாள். "முன்னாடியெல்லாம் அவ என் பந்துக்கு எப்பவும் லேட். அவளுக்கு வேகமாவே போட்டுடலாம்னுதான் முதல்ல நினைச்சிருந்தேன். ஆட்டத்துக்கு முன்னாடி வந்து, உங்கம்மாதான் பேட் எடுத்துக் குடுத்தாங்கன்னு சொன்னா. நீ எடுத்துக் குடுத்தா தப்பாவா இருக்கும்? அப்போ என் வேகத்துக்கு இவ கண்டிப்பா சரியா வந்துடுவான்னு தெரிஞ்சுது. அதனாலதான் மெதுவா போட்டேன்."

ஸ்பூன் அண்ணியின் கையில் அப்படியே நின்றது. அதிலிருந்த தண்ணீர் போர்வையில் சொட்டியது. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். கடவுளே, இவள் எதுவும் சொல்லாமல் இருந்துவிடட்டும் என்று ஒரு மனம் நினைத்தது. இன்னொரு மனம் அப்படி நினைத்ததற்காகக் கூசியது.

"அது அவளுக்கான பேட் இல்லடி" என்றாள் அண்ணி.

பாப்பாவுக்குப் புரியவில்லை. "என்னம்மா?"

"அவளுக்கு ஆகாத பேட். தெரிஞ்சேதான் குடுத்தேன். உன் பந்தை அவ நேரா அடிச்சுடக் கூடாதுன்னு. சரியானது கையில இருந்துச்சு. அதைப் பிடுங்கி வெச்சுட்டு இதைக் குடுத்தேன். பொய் சொல்லிக் குடுத்தேன்."

பாப்பா கட்டு இல்லாத கண்ணால் அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த ஒரு கண்ணில் தண்ணீர் நிறைந்து வழிந்து காதுக்குப் போனது. துடைக்கக் கை நீட்டிய அண்ணியின் கையை அவள் தள்ளவில்லை, பிடித்துக்கொள்ளவும் இல்லை.

"அவ எங்க?" என்று கேட்டாள் கடைசியில்.

"வெளியிலதான் இருக்கா. நேத்துலேருந்து" என்றேன் நான்.

"அவளைக் கூப்பிடு. என் எதிர்ல அவகிட்ட சொல்லும்மா."

அண்ணி ஸ்பூனைத் தட்டில் வைத்தாள். எழுந்து போய்க் கதவைத் திறந்தாள். பெஞ்சில் சுருண்டிருந்த ஏணி அவளைப் பார்த்ததும் துள்ளி எழுந்தாள். அண்ணி வாயைத் திறப்பதற்குள், ஏணி அவளுடைய இரண்டு கைகளையும் பிடித்துத் தன் முகத்தில் வைத்துக்கொண்டு, "என்னை மன்னிச்சிடுங்கக்கா" என்றாள்.